தரைக்கு அடியில் ஹீட்டர்: முதலில் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைச் சந்தித்தால் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு. "இதை வைத்து என்ன செய்கிறீர்கள்?" என்பதுதான் அது. பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும். பையன் கேம்ஸ் விளையாடுகிறான், மகள் பாட்டுக் கேட்கிறாள், நான் மெயில் பார்க்கிறேன் என்பார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் என்ற பெயருக்கே கணக்கிடுவது என்றுதான் பொருள். அந்த வேலையை மட்டும் அதற்கு யாரும் தருவதில்லை. வீட்டில் ஒரு பெரிய செலவு வரும்போது, கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு விற்பவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுகிறோம்.

இது தவறு என்பது என் கருத்து. ஏன் என்பதை என் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வைத்தே சொல்கிறேன். விஷயம் கொஞ்சம் விநோதமானது. கனடாவில், வெட்டவெளியில், டைல்ஸ் தரைக்கு அடியில் ஹீட்டர் போடுவது பற்றியது. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

பாட்டியோவில் விழுந்த பாட்டி

2024 ஜனவரியில் டொரன்டோ அருகே மார்க்கம் நகரில் இருக்கும் மகள் வீட்டில் இருந்தேன். வீட்டின் பின்வாசலைத் திறந்தால் டைல்ஸ் பதித்த ஒரு திறந்த முற்றம். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். அங்கே இதற்குப் பாட்டியோ என்று பெயர். கோடையில் அழகான இடம். குளிர்காலத்தில் அதைப் போல ஆபத்தான இடம் வேறு இல்லை. பகலில் கொஞ்சம் வெயில் அடித்தால் பனி இளகித் தண்ணீராகும். இரவில் அதே தண்ணீர் டைல்ஸ் மீது கண்ணாடி போல உறைந்துவிடும். கண்ணுக்கே தெரியாது.

மாப்பிள்ளையின் தாயார், எங்கள் சம்பந்தி அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர். காய்கறிக் கழிவைப் பச்சைத் தொட்டியில் போடுவது அவர் வேலை. யார் வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டார். ஒரு நாள் காலை கதவைத் திறந்து இரண்டு அடி வைத்தார். அவ்வளவுதான். வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையில் கட்டு. "பாட்டியோவிலே பாட்டி விழுந்துட்டாங்க" என்று பேரன் பள்ளியில் சொல்லிச் சிரித்தானாம். வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

உப்புத் தூவலாமே என்று நான் கேட்டேன். தூவத்தான் செய்தார்கள். சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரி செல்சியஸ் வரை ஓரளவு வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் அதன் வேகம் மிகவும் குறைந்துவிடும். தவிர, கான்கிரீட்டையும் டைல்ஸ் இடுக்கில் உள்ள பூச்சையும் உப்பு கெடுத்துவிடும். எனவேதான் மாப்பிள்ளை, "மாமா, தரைக்கு அடியிலேயே ஹீட்டர் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

அது என்ன ஹீட்டர்?

தரையைச் சூடாக்குவது புதிய யோசனை அல்ல. ரோமானியர்கள் தளத்துக்கு அடியில் வெற்றிடம் விட்டு அதன் வழியே சூடான காற்றையும் புகையையும் அனுப்பினார்கள். கொரியாவில் அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில் கொண்டு போகும் ஓண்டோல் என்ற முறை மிகப் பழமையானது. இன்று இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, டைல்ஸுக்கு அடியில் மின்சார ஹீட்டிங் கேபிளை வளைத்து வளைத்துப் பதிப்பது. மற்றொன்று, பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்து, உறையாத திரவம் கலந்த வெந்நீரைப் பம்ப் மூலம் ஓடவிடுவது. சின்ன இடம் என்றால் கேபிள் எளிது. பெரிய இடம் என்றால் குழாய் முறை பொருந்தும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு உள்ளே, குளியலறை போன்ற இடத்தில் தரையைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 150 வாட் போதும். வெளியே பனியை உருக்க 300 முதல் 500 வாட் வரை தேவை. உள்ளே சுவரும் கூரையும் சூட்டைக் காப்பாற்றுகின்றன. வெளியே காற்று அடிக்கிறது, வானம் திறந்து கிடக்கிறது, மேலே பனி விழுந்து கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த வித்தியாசம்.

ஒரு நாளைக்கு ஒரு காபி

மாப்பிள்ளை ஒரு நிறுவனத்திலிருந்து ஆளை வரவழைத்தார். வந்தவர் நல்ல பேச்சுக்காரர். முழு முற்றத்துக்கும் கேபிள், போனிலிருந்து இயக்கும் வை-பை கன்ட்ரோலர், எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். கரன்ட் செலவு என்ன ஆகும் என்று மகள் கேட்டாள். "ஒரு நாளைக்கு ஒரு காபி செலவுதான்" என்றார். தன் டேப்லட்டில் ஒரு கால்குலேட்டரைத் திறந்து காட்டவும் செய்தார். நீளம், அகலம் போட்டதும் திரையில் 1 டாலர் 44 சென்ட் என்று வந்தது.

மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் திருப்தி. முன்பணம் தரத் தயாராகிவிட்டார்கள். நான் கேபிள் போடத் தெரிந்தவன் அல்ல. கம்ப்யூட்டர் பற்றி எழுதிப் பிழைப்பவன். ஆனால் திரையில் ஒரு எண் வந்துவிட்டால் அது உண்மை என்று நம்பக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். "இந்த 1.44 எப்படி வந்தது?" என்று கேட்டேன். அவர் சிரித்து, "சாப்ட்வேர் கணக்குப் போடுகிறது" என்றார். என் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது. சாப்ட்வேர் நாம் கொடுப்பதைத்தான் கணக்குப் போடும். என்ன கொடுத்தார்கள் என்பதல்லவா கேள்வி?

அவர் போன பிறகு மகளிடம், "இன்னிக்கு ராத்திரி ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னாடி உட்காரலாமா?" என்றேன். "ஏம்ப்பா, நெட்ல தேடவா?" என்றாள். "இல்லம்மா, கூட்டிப் பெருக்க" என்றேன்.

பத்து வரியில் ஒரு ஒர்க்ஷீட்

எக்ஸெல் இருந்தால் எக்ஸெல். இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். ஏ வரிசையில் பெயர்கள், பி வரிசையில் எண்கள். நாங்கள் அமைத்தது இதுதான்.

பி1: நீளம், 5 மீட்டர். பி2: அகலம், 4 மீட்டர். பி3: ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட், 300. பி4: ஒரு குளிர்காலத்தில் ஓடும் மணி நேரம். பி5: ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, டாலரில். வரி, இதர கட்டணம் எல்லாம் சேர்த்து 0.15, அதாவது 15 சென்ட் என்று வைத்துக் கொண்டோம்.

இனி பார்முலா. பி6 செல்லில் சமக் குறி போட்டு, பி1ஐயும் பி2ஐயும் பெருக்கச் சொல்லுங்கள். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி. இது பரப்பளவு. பி7ல் பி6ஐயும் பி3ஐயும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் கிலோவாட். வகுத்தலுக்குச் சாய்ந்த கோடு. பி8ல் பி7ஐயும் பி4ஐயும் பெருக்கினால் யூனிட். பி9ல் பி8ஐயும் பி5ஐயும் பெருக்கினால் செலவு. பி10ல் பி7ஐ 1000ஆல் பெருக்கி 240ஆல் வகுத்தால் ஆம்பியர். அங்கே இது போன்ற பெரிய சாதனங்களுக்கு 240 வோல்ட் தருகிறார்கள்.

அவ்வளவுதான். பத்து வரி. மேக்ரோ இல்லை, புரோகிராமிங் இல்லை. இதைச் செய்ய எந்த வகுப்புக்கும் போக வேண்டாம்.

முதலில் அந்தக் காபிக் கணக்கைப் பிடித்தோம். பி3ல் 300க்குப் பதில் 120 என்று போட்டாள் மகள். 20 சதுர மீட்டருக்கு 2.4 கிலோவாட் வந்தது. ஒரு நாளைக்கு 4 மணி நேரம் என்றால் 9.6 யூனிட். 15 சென்ட் வீதம் 1.44 டாலர். புள்ளி பிசகாமல் அதே எண்! அந்தக் கால்குலேட்டர் வீட்டுக்கு உள்ளே இருக்கும் தரைக்கானது. வெட்டவெளிக்கு அதைக் காட்டியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. நம் பணம், நம் கணக்கு.

சரியான எண்ணைப் போட்டதும் நிலைமை மாறியது. 20 சதுர மீட்டர், 300 வாட் என்றால் 6 கிலோவாட். அந்த நிறுவனம் சொன்ன கன்ட்ரோலரில் வெப்பநிலை சென்சார் மட்டும்தான் இருந்தது. குளிர் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் ஆன் ஆகும். பனி விழுகிறதா, தரை காய்ந்து கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. டொரன்டோ பக்கம் நடுக்குளிர்காலத்தில் பல நாட்கள் இரவும் பகலும் உறைநிலைக்குக் கீழேதான். அப்படிப்பட்ட ஒரு நாளில் 24 மணி நேரமும் ஓடினால் 144 யூனிட், 21 டாலர் 60 சென்ட். காபிக் கணக்கைப் போலப் பதினைந்து மடங்கு! 90 நாள் அப்படி ஓடினால் 12,960 யூனிட், 1,944 டாலர். மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார்.

ஒரு எண்ணை மாற்றிப் பாருங்கள்

ஒர்க்ஷீட்டின் பெருமையே இதுதான். காகிதத்தில் போட்ட கணக்கை அடித்துத் திருத்த வேண்டும். இங்கே ஒரு எண்ணை மாற்றி என்டர் தட்டினால், மற்ற எல்லாம் தானாக மாறும்.

வெப்பநிலை, ஈரம் இரண்டையும் பார்க்கும் சென்சார் உள்ள கன்ட்ரோலர் வைத்தால்? குளிரும் இருந்து ஈரமும் இருந்தால்தான் அது ஆன் ஆகும். ஒரு குளிர்காலத்தில் லேசான தூறல் பனியைத் தள்ளிவிட்டு 25 தடவை பனி விழும், ஒவ்வொரு தடவையும் தரை சூடாவதற்கும் பனி உருகி உலர்வதற்கும் சேர்த்து 8 மணி நேரம் என்று வைத்தோம். 200 மணி நேரம். பி4ல் 200 போட்டதும் 1,200 யூனிட், 180 டாலர் என்று வந்தது. தரை அதே, கேபிள் அதே. கன்ட்ரோலர் ஒன்றை மாற்றியதில் செலவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

இந்த 1,200ஐயும் அப்படியே நம்பிவிடக் கூடாது அல்லவா? வேறு வழியில் சரி பார்த்தோம். பள்ளியில் படித்த பௌதிகம்தான். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோ ஜூல் தேவை. புதிதாக விழுந்த பனி மிகவும் லேசானது. 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு விழுந்தால் ஒரு சதுர மீட்டரில் சுமார் 10 கிலோ இருக்கும். அதை உருக்க, கணக்குப்படி ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம். டொரன்டோவில் ஆண்டுக்குச் சராசரியாக 110 முதல் 120 சென்டிமீட்டர் பனி விழும். 20 சதுர மீட்டருக்கு 240 யூனிட் ஆகிறது. இது இயற்கை கேட்கும் குறைந்தபட்சக் கட்டணம். இதற்குக் கீழே யார் எந்தச் சாதனத்தைக் கொண்டு வந்தாலும் அந்தப் பனி முழுவதையும் மின்சாரத்தால் உருக்க முடியாது. மற்றது எல்லாம் குளிர்ந்து கிடக்கும் டைல்ஸையும் கான்கிரீட்டையும் சூடாக்கவும், காற்று பறித்துக் கொள்வதற்கும், கீழே மண்ணுக்குள் போவதற்கும். 240க்கு 1,200 என்பது நடைமுறைக்கு ஒத்து வருகிறது. 240க்குக் கீழே வந்திருந்தால் எங்கோ தப்பு என்று தெரிந்திருக்கும்.

ஒரே விடையை இரண்டு வழிகளில் பெறுங்கள். கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் எவருக்கும் நான் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

கேட்க மறந்த ஆள்

பத்தாவது வரியில் இன்னொரு தலைவலி காத்திருந்தது. 6 கிலோவாட் என்றால் 25 ஆம்பியர். மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் சாதனம் என்பதால் பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது அங்குள்ள வழக்கம். அப்படிப் பார்த்தால் 31 ஆம்பியருக்கு மேல் தாங்கும் பிரேக்கர் வேண்டும். அந்த வீட்டுக்கு வரும் மொத்த இணைப்பே 100 ஆம்பியர்தான். துணி உலர்த்தும் மெஷின், மின்சார அடுப்பு, கார் சார்ஜர் என்று ஏற்கெனவே வரிசையாக நிற்கின்றன. இதையும் சேர்த்தால் இணைப்பையே பெரிதாக்க வேண்டி வரலாம். காபிக்காரர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, கையில் கட்டோடு சம்பந்தி அம்மா வந்து நின்றார். என்ன என்று கேட்டார். சொன்னோம். "எனக்கு எதுக்கு அண்ணா முழு முற்றமும்? கதவிலேர்ந்து தொட்டி வரைக்கும் கால் வைக்க இடம் இருந்தாப் போதுமே" என்றார்.

வீடே ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. யாருக்காக இதைச் செய்கிறோமோ அவரை யாரும் கேட்கவில்லை! நிறுவனம் கேட்கவில்லை, மகள் கேட்கவில்லை. இவ்வளவு பேசும் நானும் கேட்கவில்லை. சாப்ட்வேர் துறையில் இருப்பவர்களுக்கு இந்தத் தவறு நன்றாகவே தெரியும். பயன்படுத்துபவரைக் கேட்காமல் புரோகிராம் எழுதிவிட்டு, பிறகு தலையில் கை வைத்துக் கொள்வார்கள்.

பி2ல் 4ஐ அழித்து 1.2 என்று போட்டோம். நாலடி அகலப் பாதை. பரப்பளவு 6 சதுர மீட்டர். 1.8 கிலோவாட், 7.5 ஆம்பியர், 200 மணி நேரத்துக்கு 360 யூனிட், 54 டாலர். சாதாரண 15 ஆம்பியர் பிரேக்கர் போதும். இணைப்பைப் பெரிதாக்க வேண்டாம். கேபிள், டைல்ஸ், கூலி எல்லாமே குறையும். மீதி முற்றத்தில் பனி கிடந்தால் கிடக்கட்டும். வசந்தம் வந்தால் அதுவே போகும்.

பனியை உருக்க மின்சாரமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த எண்ணம் வந்தது. மண்வெட்டி இருக்கிறது, கை இருக்கிறது. நாற்பது வயது மாப்பிள்ளைக்கு அது சரி. எழுபதைத் தாண்டியவருக்கு மெல்லிய பனிக்கட்டி மீது மண்வெட்டி பிடிப்பதே ஆபத்து. ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக் நகரில், வீடுகளைச் சூடாக்கிவிட்டுத் திரும்பும் பூமி வெந்நீரைத் தெருவோரப் பாதைகளுக்கு அடியில் ஓடவிட்டுப் பனியை உருக்குகிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஹாலண்ட் நகரில் 1988 முதல் மின் நிலையத்தில் வீணாகும் வெப்பத்தை இதே வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். அங்கெல்லாம் எப்படியும் வீணாகப் போகும் சூடு. வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கும் மின்சாரம் அப்படி அல்ல. எனவே என் கருத்து இது. நடக்கும் பாதைக்குப் போடலாம்; அலங்காரத்துக்காக முழு முற்றத்துக்கும் போடுவது வீண்.

போனில் இயங்குவது எல்லாம் நல்லதா?

அடுத்தது அந்த வை-பை கன்ட்ரோலர். புதிய கம்ப்யூட்டர் உரிமையாளர்கள் கட்டாயம் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது. போனில் இயங்கும் பல சாதனங்கள் நேராக நம் போனோடு பேசுவதில்லை. எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வரோடு பேசுகின்றன. அந்த சர்வரை நிறுத்திவிட்டால்?

நடந்திருக்கிறது. 2016 மே மாதம், ரிவால்வ் என்ற வீட்டுச் சாதனக் கன்ட்ரோலரின் சர்வரை, அதை வாங்கியிருந்த நெஸ்ட் நிறுவனம் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய பெட்டி அன்றோடு வெறும் பெட்டி. 2025 அக்டோபர் 25ல் கூகுள், நெஸ்ட் தெர்மோஸ்டாட்டின் முதல் இரண்டு தலைமுறை மாடல்களுக்கு சப்போர்ட்டை நிறுத்தியது. இவை 2011, 2012ல் வந்தவை. சுவரில் இருப்பதைக் கையால் திருகினால் வேலை செய்யும். போனிலிருந்து இயக்க முடியாது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ஒன்று செத்தே போனது. மற்றது கையால் இயங்குகிறது. தரைக்கு அடியில் போகும் கேபிள் இருபது வருடம் உழைக்கலாம். அதை இயக்கும் நிறுவனம் இருபது வருடம் இருக்குமா? "இன்டர்நெட் இல்லாவிட்டால் இது இயங்குமா?" என்று கேளுங்கள். ஆம் என்று தெளிவான பதில் வந்தால் வாங்குங்கள். மகள் வீட்டில் வைத்தது ஈரம், குளிர் இரண்டையும் தானே பார்க்கும் கன்ட்ரோலர். கையால் ஆன், ஆப் செய்ய ஒரு ஸ்விட்ச். வை-பை இல்லை.

கேபிளை மூடும் முன் ஒரு போட்டோ

2024 செப்டம்பரில் வேலை நடந்தது. அதற்குள் நான் ஊர் திரும்பிவிட்டேன். போனில் மகளுக்கு நான் சொன்ன ஒரே நிபந்தனை, கேபிளைப் பதித்து மூடுவதற்கு முன் போட்டோ எடு என்பதுதான். மீட்டர் டேப்பைத் தரையில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் விரித்து வைத்து, அளவு தெரியும்படி எடுக்கச் சொன்னேன்.

காரணம் உண்டு. அதே தெருவில் ஒரு வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் இது போலக் கேபிள் பதித்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துக் கைப்பிடிக் கம்பி பொருத்த வந்த ஆள் டிரில் போட்டார். கேபிள் துண்டானது. எங்கே போகிறது என்று காட்ட ஒரு படம்கூட இல்லை. யார் போனிலோ இருந்ததாம். போன் மாறிவிட்டதாம். கடைசியில் படிக்கட்டையே உடைத்தார்கள்.

மகள் 40 படங்கள் எடுத்தாள். கம்ப்யூட்டரில் தனி போல்டர் போட்டு, பைல்களுக்கு ஐ.எம்.ஜி. 4471 என்பது போன்ற பெயரை விட்டுவிடாமல், "கதவு ஓரம்", "தொட்டி ஓரம்" என்று பெயர் வைத்தாள். ஒரு பிரதி பென் டிரைவில், ஒரு பிரதி எனக்கு மெயிலில். வீட்டில் எந்தச் சுவரை உடைத்து ஒயரோ குழாயோ பதித்தாலும் இதைச் செய்யுங்கள். மின்சாரக் கணக்கைவிட இந்தப் பழக்கம் உங்களுக்கு அதிகம் உதவும்.

அதே ஒர்க்ஷீட்டில் இரண்டாவது ஷீட் ஒன்று திறந்து கேபிளின் ரெசிஸ்டன்ஸையும் குறித்து வைத்தாள். 240 வோல்ட்டில் 1,800 வாட் என்றால் 32 ஓம் வர வேண்டும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் கிடைக்கும். பெட்டியைப் பிரித்தவுடன் ஒரு முறை, விரித்த பிறகு ஒரு முறை, டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு முறை எலக்ட்ரீசியன் மீட்டர் வைத்துப் பார்த்தார். மூன்றும் ஒன்றாக இருந்தன. நடுவில் எண் மாறியிருந்தால், மூடும் முன்பே கேபிள் அடிபட்டதைக் கண்டுபிடித்திருக்கலாம்.

கம்ப்யூட்டரால் முடியாதது

எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. உருகிய தண்ணீர் எங்கே போகும் என்று ஒர்க்ஷீட் கேட்காது. பாதையின் ஓரத்தில் தேங்கினால் அங்கே மறுபடி உறைந்து புதிய வழுக்கலாகும். மகள் வீட்டில் மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு கொடுத்து, ஓரத்தில் சரளைக்கல் வாய்க்கால் வைத்தார்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருமனில் கூடும் என்பதால், தண்ணீரை உறிஞ்சும் டைல்ஸ் வெடித்துவிடும். 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாத பீங்கான் வகை டைல்ஸ் தேவை. வழுக்காத சொரசொரப்பும் வேண்டும். கேபிளுக்கு அடியில் சூடு மண்ணுக்குள் போகாமல் தடுக்கும் கெட்டியான போம் பலகை வைக்க வேண்டும். ஹீட்டிங் கேபிளை நீளம் குறைக்க வெட்டவே கூடாது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பிரேக்கர் கட்டாயம். ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த வேலையை மின் பாதுகாப்பு ஆணையத்திடம் முறைப்படி தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த எலக்ட்ரீசியனும் நல்ல கொத்தனாரும் செய்ய வேண்டிய வேலை.

ஆனால் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை அந்தப் பத்து வரி எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது.

கணக்கு சரியாக வந்ததா?

2025 ஏப்ரலில் மகள் எனக்கு ஒரு பைல் அனுப்பினாள். அங்கே மின்சார மீட்டர் மணிக்கு மணி கணக்கு வைக்கிறது. கன்ட்ரோலரும் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். ஓடியது 228 மணி நேரம், 410 யூனிட். நாங்கள் போட்டது 200 மணி, 360 யூனிட். அந்தப் பிப்ரவரியில் டொரன்டோ பகுதியில் அடுத்தடுத்துப் பனிப்புயல் அடித்ததால் கூடியிருக்கிறது. 54 டாலருக்குப் பதில் ஏறக்குறைய 62 டாலர். எட்டு டாலர் பிழை. காபிக்காரரின் கணக்கை நம்பியிருந்தால் எவ்வளவு பிழை என்று நீங்களே பி4ல் மாற்றிப் போட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள்.

சம்பந்தி அம்மா இப்போதும் காலையில் கதவைத் திறந்து தொட்டி வரை போகிறார். இரண்டு பக்கமும் பனி, நடுவில் ஈரமான ஒரு பாதை. "கோயில் பிராகாரம் மாதிரி இருக்கு அண்ணா" என்று போனில் சொன்னார்.

உங்கள் வீட்டில் பனி விழப் போவதில்லை. ஆனால் ஏ.சி. வாங்கப் போகிறீர்கள், கீசர் போடப் போகிறீர்கள், இன்வர்ட்டர் வைக்கப் போகிறீர்கள். யாரோ ஒருவர் வந்து, ஒரு நாளைக்கு ஒரு டீ செலவுதான் என்று சொல்லத்தான் போகிறார். அன்று இரவு கம்ப்யூட்டரைத் திறந்து பத்து வரி போட்டுப் பாருங்கள். வாட், மணி நேரம், யூனிட் விலை. மூன்று எண்கள்தான். போடும் முன்பு, அதை அன்றாடம் பயன்படுத்தப் போகிறவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாங்கள் அதைக் கடைசியில்தான் செய்தோம். நீங்கள் முதலில் செய்யுங்கள்.